வெளியேறிய நேரம்

நவம்பர் 5, புதன்

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. இவர் ஒரு வருஷமாக அந்தச் சரணாலயத்து ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர் யாரோ போனில் காட்டிய படம்தான் ஆதாரம். தண்ணீருக்குள் மேகம் தெரிகிறதாம். மேகத்தை மொட்டைமாடியில் நின்று பார்த்தால் ஆகாதா?

நாத்தனாரும் வருகிறார். இவருடைய அக்கா. பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லோரையும் வார்டில் படுத்திருப்பவர்களாகத்தான் பார்ப்பார். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். எனக்கு நாத்தனார் தயவு.

மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அம்மா, நீ பயந்து பயந்தே ஒரு இடத்துக்கும் போகாம இருந்துட்ட" என்றாள். பதினான்கு வயதுக்கு நாக்கு நீளம். ஆனால் பொய் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வேலையில் புதிதாக ஒன்றுமில்லை. எட்டரைக்குக் கோல்ட் ரூம் நோட்டைத் திறந்தேன், ஒன்பதுக்குள் எழுதி முடித்தேன். பெயர், உள்ளே போன நேரம், வெளியேறிய நேரம். அந்த அறையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. பட்டாணிப் பெட்டியும் சோளப் பெட்டியும் இருக்கலாம், மனுஷன் இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. யாரும் இருப்பதுமில்லை. அப்புறம் ஒவ்வொருவரும் எப்போது வெளியே வருகிறார்கள் என்று காத்திருந்து எழுதுவானேன்? யார் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. அதோடு இருபதைக் கூட்டிக் காலையிலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவேன். ஐந்தரைக்குக் காவலாளி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு அறைக் கதவை வெளியே பூட்டுவார். ஐந்து நாற்பது பஸ்ஸை நான் பிடித்துவிடுவேன். ஐந்து வருஷமாக இப்படித்தான்.

"உங்க நோட்டுல ஒரு அடித்தல் கிடையாதும்மா" என்றார் மேற்பார்வையாளர் இன்று. நாள் முழுக்க மனம் குளிர்ந்து கிடந்தது.

நவம்பர் 8, சனி

பை கட்டியாயிற்று. நான் எடுத்து வைத்த பாண்டேஜ் சுருளைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள். மழை இல்லை என்று ரேடியோ சொன்னது. ரேடியோவுக்கு என்ன, அது வீட்டுக்குள் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டோம். நான்கு பேரும். நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 10, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். இவர் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிக்கூடம் போனாள். வீட்டில் நான் மட்டும். எழுதியே ஆக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாயில்லை.

காலை எட்டேமுக்காலுக்குச் சரணாலய வாசலில் நின்றோம். இவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். நாத்தனார் கழிப்பறையைத் தேடிப் போனார். மகள், 'கரடி நடமாட்டம் உள்ள பகுதி' என்ற பலகையில் இருந்த கரடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. வாசல்காரர் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார். பெயர், உள்ளே போன நேரம், வெளியேறிய நேரம். அதே கட்டங்கள். என் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான்கு பெயரையும் எழுதி, 8.50 போட்டு, பக்கத்தில் 4.00, 4.00, 4.00, 4.00 என்று வரிசையாக இறக்கினேன். நாலுக்குள் கீழே வந்துவிடுவோம் என்று இவர் சொல்லியிருந்தார். சாயங்காலம் இன்னொரு தடவை வரிசையில் நிற்க வேண்டாமே. எழுதி முடித்தபோது ஒரு திருப்திகூட இருந்தது.

வாசல்காரர் அதைப் பார்க்கவில்லை. மற்ற மூவரும் வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னார். "அஞ்சு மணிக்கு நோட்டைப் பாப்போம். வெளிய வராதவங்க பேர் இருந்தா ஆள் மேல வரும். ஏதாவது ஆச்சுன்னா இருந்த இடத்துலயே இருங்க, அலையாதீங்க."

என் காதிலும் விழுந்தது. திரும்பிப் போய் அடித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. என் நோட்டில் அடித்தலே கிடையாதே. வரிசையில் நின்றவர்கள் வேறு முறைத்தார்கள். எப்படியும் நாலுக்கு வந்துவிடப்போகிறோம் என்று நடந்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் ஏறினோம். வழியில் அருவி என்று அம்புக்குறி போட்டிருந்தது. எங்கள் சமையலறைக் குழாயில் இதைவிடத் தண்ணீர் வரும். ஏரிக்கு வேலி போட்டிருந்தார்கள். 'பராமரிப்புப் பணி' என்று ஒரு தகரம். வேலிக்கு அந்தப் பக்கம் சேறு, சேற்றில் கவிழ்ந்து கிடந்த ஒரு படகு, அதற்கு மேல் மூடுபனி. மேகம் தண்ணீருக்குள் தெரியவில்லை, எங்கள் மூக்குக்கு முன்னால் தெரிந்தது. இவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். பாவமாக இருந்தது. "இதுக்கா என்னை மூணு மணி நேரம் நடக்க விட்ட? எங்க வார்டு பின்னாடி இருக்கற தொட்டி இதைவிடப் பெருசுடா" என்றார் நாத்தனார். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். நனைந்துபோன ரொட்டியையும் ஜாமையும் சாப்பிட்டோம். அன்றைக்குச் சிரித்தது அதோடு சரி.

இறங்கும்போது பனி இன்னும் அடர்ந்தது. பாறைகளில் வழி காட்டும் வெள்ளைக் கோடுகள் மறைந்துபோயின. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் இவர் இடப்பக்கம் என்றார். அரை மணி நேரம் போன பிறகுதான் அது பாதையே இல்லை என்று தெரிந்தது. திரும்புகையில் நாத்தனார் வழுக்கி விழுந்தார். காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் தன் முழங்காலைத் தானே தடவிப் பார்த்து, யாருடைய காலையோ சொல்வது போல, "சவ்வு போயிடுச்சு. என்னால நடக்க முடியாது" என்றார். என் பாண்டேஜ் சுருளைக் கேட்டு வாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. நான்கு போனிலும் சிக்னல் இல்லை. மணி மூன்றரை.

"வெளிச்சம் இருக்கறப்பவே நான் இறங்கி ஆள் கூட்டிட்டு வரேன்" என்றார் இவர்.

நாத்தனார் விடவில்லை. வழி தெரியாதவன் எங்கே போவாய், ஐந்து மணிக்கு நோட்டைப் பார்ப்பார்கள், ஒன்றரை மணி நேரம்தானே, உட்கார் என்றார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற?"

ஒரு வாக்கியம் போதும். யாரும் வரமாட்டார்கள், நான் நாலு மணி என்று எழுதிவிட்டேன். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இவர் அந்தப் பனிக்குள் தனியாக இறங்கிப் போவாரே என்று பயந்தேன். அப்படித்தான் நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுதலாம். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அதுதான் முதலில் வந்தது.

"உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார்.

மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "அஞ்சுக்கு வந்துடுவாங்களாம்மா?" வருவாங்க என்றேன். மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் சொன்னேன். ஐந்து ஆனதும் எழுந்து நின்று, விரலால் தலையைக் கோதிச் சரிசெய்துகொண்டு, பாதை இருக்கும் திசையைப் பார்த்தாள். வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிற மாதிரி.

ஐந்தேகால். ஐந்தரை. யாரும் வரவில்லை. நாத்தனாருக்குப் பல் கிட்டித்தது. இவர் தொண்டை கட்டும் வரை கூவினார். ஆறுக்கு மேல் மரங்கள் தெரியவில்லை, பிறகு என் கையே தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் புதருக்குள் ஏதோ கனமாக நகர்ந்தது. நின்றது. மூச்சு விட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஆனால் அது பேயுமில்லை, என் கற்பனையுமில்லை. நான்கு பேருக்கும் கேட்டது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். மகளின் நகம் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது. எனக்கு அந்த மிருகத்தைவிட அந்த நோட்டுதான் பயமாக இருந்தது. ஐந்து மணிக்கு அதைத் திறந்திருப்பார்கள். நான்கு பேரும் நாலு மணிக்கே வெளியேறிவிட்டார்கள். நோட்டை மூடியிருப்பார்கள். எங்களைத் தேட வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது எனக்கு மட்டும் தெரியும்.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு விசில் சத்தம். அப்புறம் டார்ச் வெளிச்சம்.

கண்டுபிடித்தது வாசல்காரர் இல்லை. வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் எங்கள் வண்டி மட்டும் நின்றிருக்கிறது. எல்லோரும் வெளியேறியாயிற்று, நோட்டில் இருக்கிறது என்றார்களாம். "வண்டி இங்க நிக்குது, ஆள் பறந்தா போனாங்க?" என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டு ஆள் திரட்டியிருக்கிறார். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

வாசலில் எங்களுக்குக் கம்பளி போர்த்தினார்கள். வாசல்காரருக்கு முகம் வெளுத்திருந்தது. நோட்டை விரித்து, இதை யார் எழுதியது என்று கேட்டார். இவர் குனிந்து பார்த்தார். நான் நாலு போட்டால் கவிழ்த்த நாற்காலி மாதிரி இருக்கும். பதினாறு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்க்கிறார்.

"நான்தான் எழுதினேன்" என்றார். "அவசரத்துல ரெண்டு கட்டத்தையும் போட்டுட்டேன்."

"உன்னை நம்பி வந்தேன் பாரு" என்றார் ஸ்ட்ரெச்சரிலிருந்து நாத்தனார். மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். நான் கம்பளிக்குள் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

இன்னும் திறக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வேலைக்குப் போனேன். நோட்டைத் திறந்தேன். மூன்றாவது பெயருக்கு 10.20 என்று எழுதிய பிறகுதான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். அந்த ஆள் அப்போது உள்ளேயே போகவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

பேனாவை வைத்துவிட்டேன். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். ஐந்து வருஷம். அத்தனை பேரையும் அவர்கள் உள்ளே போவதற்கு முன்பே நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். ஒருவன் உள்ளே மயங்கி விழுந்திருந்தால்? காவலாளி நோட்டைப் பார்த்துவிட்டுப் பூட்டியிருப்பார். நான் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளே ஆபத்து மணி ஒன்று இருக்கிறது. சுமை ஏற்றும் கோட்டானிடம் அதை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். உள்ளே போய் வந்து, "அழுத்தினேன்" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தச் சொன்னேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

மேற்பார்வையாளரிடம் மணி கெட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மீதியை மென்று முழுங்கினேன். மற்ற பெயர்களுக்கு எதிரே கட்டத்தை நிரப்பவில்லை. எழுதிய மூன்றையும் அடிக்கவுமில்லை.

நவம்பர் 13, வியாழன்

இவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. காய் வாங்கி வருகிறார், விளக்கை அணைக்கிறார், தூங்குகிறார். திட்டினால்கூடத் தேவலை. கேட்காமல் இருப்பதுதான் குலைநடுங்க வைக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

மகள் கேட்டாள்: "அப்பா வண்டிய நிறுத்தப் போயிருந்தாரே. நீதானேம்மா நோட்டுகிட்ட நின்ன?"

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனோம். முழங்காலுக்குக் கட்டுப் போட்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சையாம். இவர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் மறுபடி ஆரம்பித்தார். பேனா பிடிக்கத் தெரியாதவன் மலை ஏறப் புறப்பட்டானாம், சின்ன வயதிலிருந்தே இவனுக்கு எதிலும் அவசரமாம், பெற்ற பெண்ணை நடுக்காட்டில் உட்கார வைத்தானாம். இவர் தலையை நிமிர்த்தாமல் நறுக்கிக்கொண்டே இருந்தார். மகள் சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அண்ணி, அது நான் எழுதினது" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கத்தி நின்றது.

வேலையிடத்துப் பழக்கம் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். வார்டில் அப்படித்தான் நிறுத்தியிருப்பார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"மூணரைக்கு அவன் உன்னைக் கேட்டானே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

எழுதியதை மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். மருந்துச் சீட்டில் தப்பு எழுதாத ஆள் உண்டா? ஆனால் அந்தத் 'தெரியும்' அப்படியே அறையின் நடுவில் கிடந்தது. பிறகு அவர், "வலிக்குது, படுக்கணும்" என்றார். இவரும் நானும் தாங்கிப் பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனோம். என் கையை உதறவில்லை. பிடித்துக்கொள்ளவுமில்லை.

மகள் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், "நான் மூணு தடவை கேட்டேன்" என்றாள். அப்புறம் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று இவரைக் கேட்டேன். "நீ நடுங்கிட்டிருந்த. அங்க வெச்சு உன்னை நிக்க வைக்க மனசு வரல" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ஆனா நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அழுதேன். அழுகை நின்ற பிறகும் பயம் போகவில்லை. வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்திருக்கிறது. மகள் இனி என்னை எதுவும் கேட்காமலே இருந்துவிட்டால்?

நவம்பர் 17, திங்கள்

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். இனி வெளியே வருகிறவர்களே தங்கள் நேரத்தை எழுதட்டும் என்றேன். "அப்ப இத்தனை நாள்?" என்றார். இத்தனை நாள் பொய்தான் எழுதினேன் என்றேன். நாற்காலியில் சாய்ந்தார். எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வேலை இருக்குமா தெரியாது. மணியைச் சரிசெய்ய ஆள் வந்து போனார். இப்போது அடித்தால் தெருமுனை வரை கேட்கிறது.

நவம்பர் 20, வியாழன்

எச்சரிக்கைக் கடிதம். வேலை தப்பியது. மகள் தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்ச் சாப்பிடுகிறாள்.

நவம்பர் 26, புதன்

ஐந்தரைக்குக் காவலாளி சாவியோடு வந்தார். நோட்டில் ஒரு கட்டம் காலி. கோட்டான். உள்ளே போனது 4.50.

கிளம்பிப் போயிருப்பான், மறந்திருப்பான், நீங்களே போட்டுவிடுங்கள் என்றார் காவலாளி. போட்டிருந்தால் ஐந்து நாற்பது பஸ் கிடைத்திருக்கும். குளிர்க்கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஐந்து வருஷத்தில் நான் அந்த அறைக்குள் போனது இதுதான் முதல் தடவை. பெட்டிகள் கூரை வரை நிற்கின்றன. வரிசைகளுக்கு நடுவே பனிப்புகை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பேசாத ஆளாயிற்றே, விழுந்து கிடந்தாலும் குரல் கொடுப்பானா? முதல் வரிசை, இரண்டாவது வரிசை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கால் தெரிந்துவிடுமோ என்று உயிர் போய்ப் போய் வந்தது. மலையில் இருந்த அதே பயம். ஆனால் இந்தத் தடவை கால் நடந்தது.

பதினோரு வரிசை. யாருமில்லை.

அவன் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவனேதான். கட்டடத்தின் பின்வாசல் வழியாகப் போய்விட்டானாம். "மறந்துட்டேன்" என்றான். அவன் கணக்குக்கு அதுவே பெரிய பேச்சு. கட்டத்தைக் காலியாகவே விட்டேன். நாளைக்கு வந்து அவன் கையால் எழுதட்டும்.

அடுத்த பஸ் ஏழுக்குத்தான். மழை தூறியது. நடந்தே வந்தேன்.

எங்கள் தெரு முனை பஸ் நிறுத்தத்தில் மகள் குடையோடு நின்றிருந்தாள். நான் வழக்கமாக இறங்கும் பஸ் வந்து போய் ஒரு மணி நேரம் இருக்கும். நான் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்ததால் அவள் என்னைப் பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் போய்த் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு.

"நீ இறங்கல" என்றாள்.

என் அலுவலகத்துக்குப் பேசியிருக்கிறாள், யாரும் எடுக்கவில்லையாம். இன்னும் ஒரு பஸ் பார்த்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு தேட வருவதாக இருந்தாளாம். நான் நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உள்ள யாரும் இல்லையே?"

"இல்ல."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"பதினோரு வரிசையும் பாத்தேன்."

என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு "சரி" என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.